எடைக்குப் போகும் சரித்திரம்

1794-ஆம் வருஷம் மே மாதத்தில், சென்னப்பட்டணத்துச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை அடுத்திருந்த ஒரு கட்டடத்தில், எட்டே எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நிலம் அளக்கும் வித்தையைக் கற்பிப்பதற்கென்று கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார்கள். அதே வருஷம் அக்டோபர் மாதத்தில், புரட்சியின் உஷ்ணம் இன்னும் தணியாதிருந்த பாரிஸ் நகரத்தில், கிரெகுவார் என்னும் பாதிரியாருடைய முயற்சியின் பயனாக, யந்திரங்களையும் மாதிரி உருவங்களையும் கருவிகளையும் வரைபடங்களையும் ஓரிடத்தில் திரட்டிப் பாதுகாப்பதற்கும், பாதுகாத்தவற்றைக் கொண்டே கைத்தொழில் செய்வோருக்குப் பாடம் சொல்வதற்குமாக ஒரு ஸ்தாபனம் சட்டபூர்வமாக நிறுவப்பெற்றது. ஒரே வருஷத்தில் பிறந்த இவ்விரண்டும் இன்றைக்கும் ஜீவித்திருக்கின்றன. பாரிஸில் உள்ளதன் காட்சிசாலையில், பாஸ்கல் செய்த கணக்கிடும் பெட்டியையும், லவாய்சியர் தம் பரிசோதனைகளுக்குக் கையாண்ட கருவிகளையும், நீராவியால் ஓடிய கூன்யோவின் வண்டியையும் இக்காலத்து மாணவன் அருகில் நின்று பார்க்கலாம். சென்னையில் உள்ளது கிண்டிப் பொறியியற் கல்லூரி. அதன் தொன்மையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் வருஷத்தைச் சொல்கிறோம். சிவப்புக் கட்டடத்தைக் காட்டுகிறோம். பெரிய உத்தியோகங்களில் அமர்ந்த பழைய மாணவர்களின் பெயர்களை அடுக்குகிறோம். தொழிற்கலாசாலை ஒன்றின் பாரம்பரியம் என்பது இவ்வளவோடு முடிந்துவிடுகிறதா என்பதே இந்தக் கட்டுரையின் விசாரம்.

இந்தியாவில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கல்விச்சாலைகளில் இதுவே மூத்தது என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. ரூர்க்கிக் கல்லூரி 1847-இலும், புனேயில் உள்ளது 1854-இலும், கல்கத்தாவை அடுத்த சிப்பூர்க் கல்லூரி 1856-இலும் தோன்றியவை என்பதால், நிலஅளவைப் பள்ளியையும் பொறியியற் கல்லூரியின் கணக்கில் சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், இந்தப் பெருமையைக் குறைசொல்ல வழியில்லை. ஆனால் மூப்பு ஒன்றே பாரம்பரியமாகிவிடாது. ஒரு வித்தை எதற்காக இந்த மண்ணில் போதிக்கப்பட்டது, யார் அதைக் கற்றார்கள், எந்தக் கருவியைக் கையில் பிடித்துக் கற்றார்கள், கற்றதைக் கொண்டு தேசத்தின் முகத்தை எப்படி மாற்றினார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த மூப்புக்கு ஓர் அர்த்தம் உண்டாகும்.

பள்ளிக்கூடம் பிறந்த காரணத்தை முதலில் பார்ப்போம். 1792-இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாகச் சேலத்துப் பாராமகாலும் திண்டுக்கல் சீமையும் கம்பெனியார் கைக்கு வந்து சேர்ந்தன. வந்து சேர்ந்த நிலத்தில் வரி வசூலிக்க வேண்டுமானால் அதை அளந்தாக வேண்டும். அளப்பதற்கோ சீமையிலிருந்து வரவழைக்கும் துரைமார்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் அதிகம். குறைந்த சம்பளத்தில் அளப்பவர்களை உள்ளூரிலேயே தயார்செய்துகொள்ளலாம் என்ற யோசனையைச் சொன்னவர், கம்பெனியின் வானசாஸ்திரியும் நிலஅளவையாளருமாகிய மைக்கேல் டாப்பிங். ஆகவே, தர்ம சிந்தனையால் முளைத்த கல்விச்சாலை இது என்று யாரும் மயங்க வேண்டியதில்லை. ஆயினும் டாப்பிங் சாமானியமான மனிதரல்லர். நுங்கம்பாக்கத்தில் அவர் அமைத்த வானாய்வுக் கூடத்தின் கருங்கல் தூண், அவருடைய பெயரையும் 1792 என்ற ஆண்டையும் தாங்கிக்கொண்டு, தமிழ் உட்படப் பல மொழிகளில் வெட்டப்பெற்ற சாசனத்தோடு இப்போதைய வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. கோதாவரி, கிருஷ்ணை ஆறுகளின் கழிமுகங்களை அளந்து பாசனத்துக்கு வழிதேடிய அவர், 1796-இல் மசூலிப்பட்டணத்தில் காலமானார். அவருக்குப் பின் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஜான் கோல்டிங்ஹாம்தான், இன்று ராஜாஜி மண்டபம் என்று வழங்கும் விருந்து மண்டபத்தைக் கட்டியவர். வானத்தைப் பார்ப்பதும், நிலத்தை அளப்பதும், மாளிகை எழுப்புவதும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் ஒரே மனிதனுடைய தொழிலாக இருந்த காலம் அது.

பாடம் கேட்ட பிள்ளைகள் யார் என்பது இன்னும் சுவாரசியமான விஷயம். எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளின் அநாதாசிரமத்திலிருந்து, பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் நம் நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து இங்கே சேர்த்தார்கள். அந்த ஆசிரமத்தை அப்போது நடத்திவந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையும், மூத்த பையன் இளைய பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்து ஒரு கல்விமுறையாக வகுத்து, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் அவர். அந்தப் பிள்ளைகளில் ஒருவராகிய ஜோஷுவா டி பெனிங், பிற்காலத்தில் வில்லியம் லாம்ப்டனின் பிரதான உதவியாளராக உயர்ந்து, தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களாக வகுத்து அளந்த பெருங்காரியத்தில் பங்குகொண்டார். 1802-இல் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சுமார் ஏழரை மைல் தூரத்துக்கு எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு போட்டுத் தொடங்கிய அந்த அளவை, பிற்பாடு இமயமலை வரைக்கும் நீண்டது எல்லோரும் அறிந்ததே.

லாம்ப்டனுடைய தியோடலைட் என்னும் கோணமானியின் கதையை இங்கே சற்று விரித்துச் சொல்வது பொருந்தும். அரை டன் எடையுள்ள அந்தக் கருவியை, 1808-இல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின்மேல் கயிறு கட்டி ஏற்றுகையில், கயிறு அறுந்து அது சுவரில் மோதிற்று. கோணங்களைக் காட்டும் பித்தளை வட்டம் நசுங்கி உருக்குலைந்தது. வேறொருவராயிருந்தால் அதை உதவாதென்று ஒதுக்கிவிட்டு, புதிய கருவி வரும் வரையில் வருஷக்கணக்காகக் காத்திருந்திருப்பார். லாம்ப்டனோ பீரங்கிப் பட்டறைத் தொழிலாளிகள் சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கூடாரத்துக்குள் தம்மை அடைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் அந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கருவி இன்றும் டேராடூனில் இந்திய நிலஅளவைத் துறையாரிடம் பத்திரமாக இருக்கிறது. கேடுற்ற கருவியையும் பேணவேண்டும் என்று நினைத்தவர்கள் வழிவழியாக இருந்ததால்தான் அது இருக்கிறது.

இனி, அந்தப் பிள்ளைகள் கையில் பிடித்த சங்கிலியைப் பார்க்கலாம். கண்டர் சங்கிலி என்று பெயர்பெற்ற அது 66 அடி நீளமும் நூறு கண்ணிகளும் கொண்டது. பத்தாவது கண்ணியில் ஒரு பல் உள்ள பித்தளைத் தகடும், இருபதாவதில் இரண்டு பல்லும், முப்பதாவதில் மூன்றும், நாற்பதாவதில் நான்குமாகத் தகடுகள் தொங்கும். நட்டநடுவில் உள்ள ஐம்பதாவதில் வட்டத் தகடு. எந்த முனையிலிருந்து எண்ணினாலும் கணக்கு ஒன்றாகவே வரும்படி அமைந்த இந்த ஏற்பாட்டினால், முட்செடிகளுக்கிடையே குனிந்து நிற்பவன் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே அளவைச் சொல்லிவிட முடியும். அளந்ததை எழுதுகிற ஏட்டுக்கு இன்னும் விசித்திரமான ஒரு சம்பிரதாயம் உண்டு. உலகத்திலுள்ள ஏடுகளையெல்லாம் மேலிருந்து கீழாக எழுதுகையில், நிலஅளவையாளன் மட்டும் தன் ஏட்டைப் பக்கத்தின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி எழுதிக்கொண்டு போகிறான். பக்கத்தின் நடுவில் கிழித்த கோடுதான் தரையில் கிடக்கும் சங்கிலி. சங்கிலிக்கு வலப்புறம் இருக்கும் கிணறு ஏட்டிலும் வலப்புறம் வரும். இடப்புறத்துப் புளியமரம் இடப்புறம் வரும். அவன் முன்னோக்கி நடக்க நடக்க எழுத்தும் முன்னோக்கி நடக்கும். நூறு வருஷத்துக்கு முந்தைய அப்படிப்பட்ட ஏடு ஒன்றைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குள் ஒரு கிராமம் முழுவதும் கிடக்கிறது என்பது.

ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி சதுரமாக அளந்தால் அதன் பரப்பு பத்து சென்ட். அப்படிப் பத்துச் சதுரம் சேர்ந்தால் ஒரு ஏக்கர். இன்றைக்கு வீட்டுமனை வாங்குகிற ஒவ்வொரு தமிழனும் தரகரிடம் பேரம் பேசும் சென்ட் என்பது, ஆயிரம் சதுரக் கண்ணிகள் என்று இந்தச் சங்கிலியைக் கொண்டு கணக்கிட்ட அளவேயன்றி வேறன்று. கிராமத்துப் பழைய புலப்படங்களில் லிங்க், அதாவது கண்ணிக் கணக்கில் எழுதிய இலக்கங்களை வைத்துத்தான் இப்போதும் நீதிமன்றங்களில் வரப்புத் தகராறுகள் தீர்கின்றன. இவ்வளவு தூரம் நம் ஜீவனத்தோடு கலந்துவிட்ட ஒரு கருவியை, பொறியியல் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருப்பார்கள்?

சங்கிலியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்த கூலியாட்களின் பெயர்களும், கொடி பிடித்து மலையேறிய லாஸ்கர்களின் பெயர்களும் சரித்திரப் புத்தகங்களில் இல்லை. இது குறையே. இப்படிச் சொல்வதனால், அந்நியர் ஆட்சிக்கு உபகாரமாயிருந்த பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று கேட்பவர்களுடைய கேள்வியும் நியாயமே என்று நான் நினைக்கிறேன். அதற்கு விடை, இருக்கிற ஆதாரங்களை இன்னும் கவனமாகக் காப்பதுதான். பெயர் இல்லாதவர்களைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமானால், சம்பளப் பட்டியலும், களஏடுகளின் ஓரக்குறிப்புகளும், பட்டறைக் கணக்குகளும் தவிர நமக்கு வேறு கதி இல்லை. கவர்னர்களைப் பற்றி எழுதப் புத்தகங்கள் ஏராளமாக இருக்கின்றன. சங்கிலிக்காரனைப் பற்றி எழுத அந்தக் கிழிந்த காகிதம் ஒன்றே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மராமத்து இலாகா தனித் துறையாக வளர்ந்தபோது பள்ளிக்கூடமும் உடன் வளர்ந்தது. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தில் அணை கட்டி முடித்து, பிறகு கோதாவரியில் தவளேசுவரம் அணையை எழுப்பினார். ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் உபாயத்தைக் கல்லணையைக் கட்டிய பழைய கைகளிடமிருந்து தாம் கற்றுக்கொண்டதாக அவரே தாராளமாக ஒப்புக்கொண்டார். அணைகளும் ரஸ்தாக்களும் ரயில் பாதைகளும் பெருகப் பெருக, அளப்பவர்கள் மட்டும் போதாமல், கட்டுகிறவர்கள் தேவைப்பட்டார்கள். 1858-இல் நிலஅளவைப் பள்ளி கட்டடப் பொறியியல் பள்ளியாயிற்று. விரைவில் கல்லூரி என்ற பெயரையும் பெற்றது. 1894-இல் யந்திரப் பொறியியலும், 1930-இல் மின்பொறியியலும் அங்கே பாடங்களாயின. ஆயினும் உத்தியோகத்தின் மேற்படிகள் நெடுங்காலம் நம்மவர்க்கு எட்டவில்லை. இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில், இந்தியாவுக்கு வேண்டிய எஞ்சினியர்களைத் தயாரிப்பதற்கென்றே 1872 முதல் 1906 வரை ஒரு கலாசாலை நடந்துவந்தது. முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கே சிலகாலம் அதன் தலைவராயிருந்தார். மேலதிகாரிகள் அங்கிருந்து கப்பலேறி வருவார்கள். ஓவர்சீயர்களும் உப எஞ்சினியர்களும் இங்கிருந்து போவார்கள். மதகுக்கு மதகு, கலிங்கலுக்குக் கலிங்கல் நின்று வேலையை முடித்தவர்கள் இந்த இரண்டாம் வரிசைக்காரர்களே.

அவர்கள் படித்த இடம் சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்த கலசமகால். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்த மாளிகையின் ஒரு பகுதி அது. 1920-இல் கல்லூரி கிண்டிக்குப் போகும் வரையில், தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு பாஷைக்காரப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து வரைபலகையின்மேல் குனிந்திருந்த மண்டபங்கள் அவை. அந்தக் கலசமகால் 2012 ஜனவரியில் தீப்பற்றி எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கூரை இடிந்து சுவர்கள் கருகி நின்ற அதைப் பின்னர்ப் பொதுப்பணித்துறையார் பழைய முறைப்படியே புதுப்பித்தார்கள்.

இந்தப் புதுப்பிப்பில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பழைய சென்னைக் கட்டடங்களின் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். மர உத்தரங்களின்மேல் சிறு கட்டைகளைப் பரப்பி, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் தோய்த்து மூலைவாட்டமாகச் செங்குத்தாய் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் இடித்துக் கெட்டிப்படுத்தி, கடைசியில் தட்டோடு பதிப்பது அந்த முறை. இந்த வித்தையைப் பாடத்திட்டத்திலிருந்து நாம் எடுத்து வெகுகாலமாகிவிட்டது. இரும்புக் கம்பியும் சிமென்டும் வந்தபின் இது எதற்கு என்று எடுத்தோம். இப்போது நூறு வருஷக் கட்டடம் ஒன்றைப் பழுதுபார்க்க வேண்டுமென்றால், கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தரைத் தேடி ஊர் ஊராய் அலைய வேண்டியிருக்கிறது. பொதுப்பணித்துறையிலேயே பழங்கட்டடங்களைப் பேணுவதற்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டிருக்கிறது. தள்ளுபடியான பாடம் திரும்பவும் தேவைப்படும் காலம் ஒன்று வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கிண்டிக்கு வந்தபின் நடந்த சரித்திரத்தை இங்கே வளர்த்த வேண்டாம். நாகார்ஜுனசாகர் அணையோடு பெயர் சேர்ந்த கே.எல். ராவும், ஆனந்தில் பால்வளப் புரட்சி செய்த வர்கீஸ் குரியனும் அங்கே படித்தவர்கள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. ஆனால் ஒரு காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையான ஏ. லலிதா என்ற பெண், அக்கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியராயிருந்த தம் தந்தையார் பப்பு சுப்பாராவின் ஆதரவோடும், தலைவராயிருந்த கே.சி. சாக்கோவின் சம்மதத்தோடும் 1940-இல் அங்கே சேர்ந்தார். தொடர்ந்து லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சேர்ந்தார்கள். பெண்களும் பட்டம் வாங்குவார்கள் என்று அச்சுக்கூடத்தார் அதுவரையில் நினைத்துப் பார்த்திராததால், லலிதாவின் பட்டயத்தில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாக மாற்றிக் கொடுத்தார்கள். தேசத்தில் முதல் பெண் எஞ்சினியர் உண்டான வரலாற்றை ஆயிரம் பக்கம் எழுதினாலும், அந்தப் பேனாக்கோடு சொல்வதைச் சொல்லிவிட முடியாது. லலிதா பின்னர் பக்ரா நங்கல் திட்டத்தின் மின்தொடர்களுக்காக உழைத்தார். திரேசியா 1971-இல் கேரளத்தின் தலைமை எஞ்சினியரானார். அந்தக் காகிதத்தை ‘பழைய தாள்’ என்று யாரேனும் கட்டி எடைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எடைக்குப் போடுவது என்று சொன்னது அலங்காரத்துக்காக அன்று. அரசாங்கத்தைச் சேர்ந்த எந்தக் கல்விச்சாலையிலும் கருவிகளுக்கெல்லாம் இருப்புப் பதிவேடு ஒன்று உண்டு. வாங்கிய தேதி, விலை, நிலைமை ஆகியவற்றை அதில் எழுதி வைப்பார்கள். பழுதாகி உபயோகமற்றுப்போன பொருளை ஒரு குழு பார்த்து, ‘கண்டம்’ செய்து, பதிவேட்டிலிருந்து நீக்கி, ஏலத்தில் விடவேண்டும் என்பது விதி. விதியில் தவறில்லை, இல்லாவிட்டால் கிடங்கு நிறைந்துவிடும், தணிக்கையாளர் கேள்வி கேட்பார். ஆனால் அந்த விதிக்கு ஒரே ஒரு கண்தான் இருக்கிறது. முதலாம் உலகயுத்த காலத்து லேத்தும், போன மாதம் உடைந்த நாற்காலியும் அதன் பார்வையில் ஒன்றே. பெல்ட் ஓட்டிய பழைய கடைசல் யந்திரம், வார்ப்படப் பட்டறையில் தேக்கில் செதுக்கிய அச்சு மாதிரிகள், பாலங்களின் வடிவத்தை மாணவர்க்குக் காட்ட மரத்தில் செய்த சிற்றுருவங்கள், மெழுகுத்துணியில் மையால் வரைந்த அணைப் படங்கள் எல்லாம் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று போய்விடுகின்றன. வார்ப்பிரும்பு உருகி மறுபடி வார்ப்பிரும்பாகும், தேக்கு விறகாகும், மெழுகுத்துணியோ, மை கழுவினால் நல்ல துணி கிடைக்கும் என்று அந்நாளில் கைக்குட்டைக்குக்கூட ஆசைப்பட்டவர்கள் உண்டு.

ஓய்ந்த யந்திரத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு, குரோம்பேட்டையிலிருந்து பதில் சொல்லலாம். சி. ராஜம் என்ற செல்வர் தம்முடைய மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு 1949-இல் அங்கே சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். பறக்கும் காலம் முடிந்துபோன இரண்டு ஆகாய விமானங்களை, அவற்றின் உள்ளுறுப்புகளை மாணவர்க்கு விளக்குவதற்காக அக்கல்லூரியில் வைத்திருந்தார்கள். ராமேசுவரத்திலிருந்து வந்து சேர்ந்த ஓர் இளைஞர் அந்த விமானங்களால் வசீகரிக்கப்பட்டு, மற்றவர்கள் போன பின்னும் அவற்றின் அருகில் உட்கார்ந்திருந்து, விமானப் பொறியியலைத் தம் துறையாகத் தேர்ந்துகொண்டார் என்பதை, அந்த இளைஞராகிய அப்துல் கலாமே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ‘கண்டம்’ செய்த பொருளை ஏலத்துக்கு அனுப்பாமல் நடுக்கூடத்தில் வைத்த எவரோ ஒருவருடைய புத்திசாலித்தனம் அது.

இதில் வெறும் மனவெழுச்சி மாத்திரம் இருக்கிறதென்று நினைக்க வேண்டாம். இன்றைய அளவைக் கருவியில் பொத்தானை அமுக்கினால் கோணமும் தூரமும் திரையில் இலக்கமாக வந்து நிற்கின்றன. வேலைக்கு அதுவே சிறந்தது; மறுப்பார் யாருமில்லை. ஆனால் பழைய தியோடலைட்டில் மாணவன் பித்தளை வட்டத்தின் இரண்டு எதிர்ப்புறங்களிலும் உள்ள வெர்னியர்களைப் படித்துச் சராசரி எடுக்கிறான். ஏனெனில் வட்டத்தின் மையமும் சுழலும் அச்சும் மயிரிழை விலகியிருக்கலாம். பிறகு தொலைநோக்கியைத் தலைகீழாகத் திருப்பி, கருவியையே மறுமுகமாக்கி, அதே கோணத்தைத் திரும்ப அளக்கிறான். கருவியின் கோணலை அந்த மறு அளவை சரிக்கட்டிவிடும். தன் கருவி எங்கே பொய் சொல்லும் என்பதை அவன் கண்ணாலும் கையாலும் தெரிந்துகொள்கிறான். பட்டறையிலும் அவ்விதமே. இரும்புத் தகட்டை அரத்தால் ராவி, மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடுக்கில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடி ராவச் சொல்லும் போதகாசிரியரிடம் முதல்வருஷப் பிள்ளை கற்றுக்கொள்ளும் நேர்மை, கணினித் திரையில் கோடு இழுப்பதால் வருவதன்று.

சட்டத்தின் துணை இல்லாமலும் இல்லை. 1972-இல் இயற்றிய தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், கோயில் சிலைகளோடு நின்றுவிடாமல், கடந்த காலத்து விஞ்ஞானத்தை விளக்கும் பொருள்களையும், நூறு வருஷம் பழமையானவையானால், தொல்பொருளாகவே மதிக்கிறது. விஞ்ஞான மதிப்புள்ள கையெழுத்து ஏடுகளுக்கோ எழுபத்தைந்து வருஷமே போதும். பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதற்கென்று தமிழ்நாடு 2012-இல் தனிச் சட்டமும் செய்திருக்கிறது. ஆனால் அபாயத்தில் இருப்பவை பெரும்பாலும் நூறு வருஷம் ஆகாதவை. எழுபது எண்பது வயதில், தொல்பொருளுமாகாமல் உபயோகப் பொருளுமாகாமல், இரண்டுங்கெட்டான் பருவத்தில்தான் யந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

ஆகையால் நான் வேண்டுவது பெரிய காட்சிசாலைகளை அன்று. அவற்றைத் திறந்து வைப்பதில் நமக்கு இருக்கும் உற்சாகம், திறந்தபின் ஒட்டடை அடிப்பதில் இருப்பதில்லை. இருப்புப் பதிவேட்டில் வயதுக்கென்று ஒரு பத்தி கூட்ட வேண்டும்; ஐம்பது வருஷம் கடந்த எந்தப் பொருளையும் நீக்கும் குழுவில், அருங்காட்சியகத் துறையைச் சேர்ந்த ஒருவரும், அந்தப் பட்டறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற போதகர் ஒருவரும் உட்கார வேண்டும்; அவர்கள் வேண்டாமென்று சொன்னபின் தாராளமாக ஏலம் விடலாம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்பவன் எதையும் வைத்துக்கொள்ள முடியாதவனாகிறான். பத்து லேத்தில் ஒன்றை வைத்தால் போதும், ஆனால் அந்த ஒன்று ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். களஏடுகளையும் வரைபடங்களையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தாரின் யோசனைப்படி படமெடுத்துவைப்பதற்கு ஆகும் செலவு, ஆண்டுவிழாப் பந்தலின் செலவுக்கு மேற்படாது. பழைய மாணவர் சங்கங்கள் குளிரூட்டிய அரங்கங்களுக்குக் கொடுக்கும் நன்கொடையில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினால், பெயர்ப்பலகை வைக்க இடம் சற்றுச் சிறிதாகக் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு நஷ்டம் அவர்களுக்கு இல்லை.

கிண்டியைப் பற்றி இவ்வளவு சொன்னேனாயினும், அவசரம் கிண்டிக்கு மட்டும் உரியதன்று. காரைக்குடியில் 1952-லும், மதுரையில் 1957-லும், திருச்சியில் மண்டலப் பொறியியற் கல்லூரி என்ற பெயரில் 1964-லும் தோன்றிய கலாசாலைகளுக்கு இப்போதுதான் அறுபதும் எழுபதும் ஆகிறது. அவற்றுக்கு ஒரு பாக்கியம் உண்டு: ஆரம்ப காலத்து மாணவர்களிலும் பட்டறைப் போதகர்களிலும் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நகரும் கணக்குச்சட்டத்தில் பெருக்கல் போட்டவர்கள், துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு கணினி அறை வாசலில் முறை வைத்து நின்றவர்கள், முதல் உலையை மூட்டி முதல் வார்ப்படத்தை ஊற்றியவர்கள் எல்லோரும் எண்பதை நெருங்கியோ கடந்தோ இருக்கிறார்கள். எந்த யந்திரம் எங்கிருந்து வந்தது, எதை யார் பிரித்துப் பூட்டினார், எந்த வரைபடம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் பதிவேட்டைவிட நன்றாக அவர்கள் அறிவார்கள். அடுத்த ஏலத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் அவர்களை ஒருமுறை அந்தக் கிடங்குகளுக்குள் அழைத்துப்போய், அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளலாம்.